லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, இனிமேதான் கவனம் வேணும் – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பகுதி புதுசா லைசென்ஸ் எடுத்த பசங்களும் பொண்ணுங்களும், அவங்களை பெத்தவங்களும் எழுதினது. ரொம்ப வருஷமா ஓட்டறவங்க அனுப்பின கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க, இவங்களுக்குதான் இப்ப அவசரம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 5 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் இருக்கறவங்க உயிரை அதிகமா எடுக்கறது எந்த நோயும் இல்ல, ரோட்டு விபத்துதான். அதனால ஒவ்வொரு கேள்வியையும் நிதானமா படிச்சுட்டுதான் பதில் எழுதறேன்.

அண்ணா, லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. டெஸ்ட்ல ஒரு தப்பு கூட பண்ணல. கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சரளமா வருது. ஆனா அப்பா இன்னும் காரை தனியா எடுக்க விட மாட்டேங்கறார். அவர் பயப்படறதுல நியாயம் இருக்கா? – 18 வயசு வாசகர்

இருக்கு தம்பி, நிறையவே இருக்கு. டெஸ்ட்ல பாஸ் ஆனது நிஜமாவே நல்ல விஷயம், ஆனா டெஸ்ட்ல பாக்கறது உங்க கையும் காலும் வண்டிக்கு பழகிடுச்சான்னுதான். கை கால் சில வாரத்துல பழகிடும், கண்ணு பழகத்தான் மாசக்கணக்கா ஆகும். புது டிரைவருங்க அதிகமா விபத்துல மாட்டறது கத்துக்கற காலத்துல இல்ல, பக்கத்துல ஒரு பெரியவங்க உக்காந்து இருக்கற வரைக்கும் பெருசா ஒண்ணும் ஆகறதில்ல, லைசென்ஸ் வாங்கி தனியா எடுத்துட்டு போக ஆரம்பிக்கற முதல் சில மாசம்தான் ஒரு டிரைவரோட வாழ்க்கையிலயே ரொம்ப ஆபத்தான காலம். உங்க அப்பாவுக்கு இந்த கணக்கு தெரியுமோ தெரியாதோ, அவரோட பயம் சரியான இடத்துலதான் இருக்கு.

கண்ணு பழகறதுன்னா என்னன்னு சொல்றேன். டிரைவர்களோட கண்ணு எங்கெங்க போகுதுன்னு கருவி வச்சு 1972-லயே ஆராய்ச்சி பண்ணி இருக்காங்க. புதுசா ஓட்டறவங்க பார்வை பானெட்டுக்கு கிட்டக்கவும் ரோட்டு ஓரத்துலயும்தான் நிக்குது, மிரரை கம்மியாதான் பாக்கறாங்க, பழகினவங்க தூரமாவும் அகலமாவும் பாக்கறாங்க. இது ஏன் முக்கியம்னா, ஓரமா ஒரு பஸ் நிக்குதுன்னு வைங்க, உங்களுக்கு தெரியறது ஒரு பஸ், நாம தாண்டி போய்டலாம்னு தோணும். நல்லா பழகினவர் அதே பஸ்ஸோட அடியில பாப்பார், டயருக்கு நடுவுல அந்த பக்கம் யாரோட காலாவது நகருதான்னு. கால் தெரிஞ்சா இன்னும் ரெண்டு செகண்ட்ல பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு ஆள் வரப்போறார்னு அர்த்தம், அவர் பாட்டுக்கு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து பிரேக் மேல வச்சு தயாரா இருப்பார். ஓரமா நிறுத்தி இருக்கற கார்ல டிரைவர் சீட்ல ஒரு தலை தெரியுதுன்னா ஒண்ணு கதவு திறக்கும், இல்ல கார் கிளம்பும். முன்சக்கரம் ரோட்டு பக்கம் திரும்பி இருந்தா கிளம்பறதுதான். இதையெல்லாம் எந்த டெஸ்ட் டிராக்லயும் கத்துக்க முடியாது. பிரிட்டன்ல 2002-ல இருந்து லைசென்ஸ் தேர்வுலயே வீடியோ போட்டு, ஆபத்து எங்க உருவாகுதுன்னு பாத்த உடனே கிளிக் பண்ண சொல்றாங்க, அந்த அளவுக்கு இதை ஒரு தனித் திறமையாவே எடுத்துக்கிட்டு இருக்காங்க.

இதை வீட்லயே பழக ஒரு வழி இருக்கு. அப்பாவை பக்கத்துல உக்கார வச்சுட்டு, ஓட்டும்போது பாக்கறதை எல்லாம் வாய்விட்டு சொல்லிட்டே ஓட்டுங்க. "முன்னாடி ஸ்கூட்டர், அது இண்டிகேட்டர் போடல ஆனா திரும்பி திரும்பி பாக்குது, திரும்பப்போகுது போல, நான் வேகத்தை குறைக்கறேன்... பின்னாடி லாரி கிட்ட வருது... அந்த சந்துல இருந்து ஏதோ வெளிச்சம் வருது..." இப்படி. ஆரம்பத்துல கூச்சமா இருக்கும், வாய் கண்ணு பின்னாடி ஓட முடியாம திணறும், ஆனா சில வாரத்துல பார்வை தானா தூரம் போக ஆரம்பிச்சுடும். அப்பாவுக்கும் நீங்க எதைப் பாக்கறீங்க, எதைப் பாக்காம விடறீங்கன்னு தெரிஞ்சுடும், அவருக்கு நம்பிக்கை வர்றதுக்கு இதைவிட நல்ல வழி எனக்கு தெரியல. மழையில ஒரு தடவை, ராத்திரியில ஒரு தடவை, ஹைவேயில ஒரு தடவைன்னு ஒவ்வொரு மாதிரியான ரோட்டுலயும் முதல் அனுபவம் அவர் பக்கத்துல இருக்கும்போது நடக்கட்டும், அதுக்கு அப்புறம் சாவியை கேளுங்க, கண்டிப்பா குடுப்பார்.

முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் எவ்ளோ கேப் விடணும் சார்? புக்ல போட்டிருக்கற மாதிரி விட்டா நடுவுல எவனாவது பூந்துடறான். – காலேஜ் மாணவர்

மீட்டர் கணக்கெல்லாம் ஓட்டும்போது யாருக்கும் வராது, செகண்ட் கணக்கு வச்சுக்கோங்க. முன்னாடி வண்டி ஒரு கம்பத்தையோ போர்டையோ தாண்டும்போது மனசுக்குள்ள "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு"ன்னு எண்ணுங்க, மூணு சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி நீங்க அதே கம்பத்தை தாண்டிட்டா ரொம்ப கிட்டக்க போறீங்க. பொதுவா ரெண்டு செகண்ட்னு சொல்லுவாங்க, புதுசா ஓட்டறவங்களுக்கு மூணு, மழைன்னா அதையே ரெண்டு மடங்கா ஆக்கிக்கணும்.

ஏன் இவ்ளோன்னு கேட்டா இந்த கணக்கை பாருங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது. ஆபத்தை பாத்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்கு போறதுக்கு சுமார் ஒன்றரை செகண்ட் ஆகும், அதுக்குள்ளயே 25 மீட்டர் போய்டும், அதுவரைக்கும் வேகம் துளி கூட குறையல. அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க, காஞ்ச நல்ல ரோட்டுலயே இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். இதே 80-ல போனா 68 மீட்டர் கிட்ட ஆகும். சரி 23 மீட்டர்தானே கூடுதல்னு நினைக்காதீங்க, இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறோம். ரெண்டு காரும் ஒரே இடத்துல ஒரு குழந்தை ஓடி வர்றதை பாத்து பிரேக் அடிக்குதுன்னு வைங்க, 60-ல வந்த கார் குழந்தைக்கு ஒரு அடி முன்னாடி நின்னுடுது. 80-ல வந்த கார் அந்த இடத்துக்கு வரும்போது இன்னும் 65 கிலோமீட்டர் வேகத்துல ஓடிட்டு இருக்கும்! கணக்கு போட்டு பாருங்க, ஒன்றரை செகண்ட்லயே அது 33 மீட்டரை முழுங்கிடுது, பிரேக் பிடிக்க மிச்சம் 12 மீட்டர்தான் கிடைக்குது.

நடுவுல பூந்துடறாங்கன்றது உண்மைதான், பூந்துட்டு போகட்டும். ஆக்ஸிலரேட்டரை லேசா விட்டு மறுபடி கேப் உண்டாக்கிக்கோங்க. ஒரு பயணத்துல பத்து பேர் பூந்தாலும் மொத்தமா உங்களுக்கு அரை நிமிஷம்தான் லேட் ஆகும். வேகமா போறதுலயும் இதே கதைதான், 10 கிலோமீட்டர் தூரத்தை 60-க்கு பதிலா 80-ல போனா மிச்சமாகறது ரெண்டரை நிமிஷம், அதுவும் நடுவுல ஒரு சிக்னல் கூட இல்லன்னா.

என் பையனுக்கு 19 வயசு. நானும் அவங்க அப்பாவும் கூட இருந்தா அவ்ளோ அழகா ஓட்டறான். ஃப்ரெண்ட்ஸ் ஏறினா வேற ஆளா மாறிடறானாம், பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். திட்டினா வாக்குவாதம்தான் மிச்சம். என்ன பண்றது? – கவலையில ஒரு அம்மா

அம்மா, உங்க பையன் கெட்ட பையன் இல்ல, முதல்ல அதை மனசுல வச்சுக்கோங்க. இந்த வயசு பசங்க எல்லாருக்குமே இது இருக்கு. விளைவை யோசிச்சு நம்மளை நாமே அடக்கிக்கற மூளைப்பகுதி முழுசா வளர்ந்து முடியவே இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆகுதுன்னு சொல்றாங்க, அதே சமயம் கூட்டாளி முன்னாடி பேர் வாங்கணும்ற வேகம் இந்த வயசுலதான் உச்சத்துல இருக்கும். டீன் ஏஜ் டிரைவர் வண்டியில அதே வயசு பசங்க எண்ணிக்கை ஏற ஏற, உயிர் போற விபத்து நடக்கற வாய்ப்பும் ஏறிட்டே போகுதுன்னு திரும்பத் திரும்ப பாத்து இருக்காங்க. அதே வண்டியில ஒரு பெரியவங்க இருந்தா குறையுது. அதாவது நீங்க பாத்ததும் உண்மை, பக்கத்து வீட்டுப் பொண்ணு பாத்ததும் உண்மை.

இதை வச்சே நிறைய நாடுகள்ல சட்டம் போட்டிருக்காங்க. நியூஸிலாந்துல 1987-ல படிப்படியா குடுக்கற லைசென்ஸ் முறையை கொண்டு வந்தாங்க, புது டிரைவர் கொஞ்ச காலத்துக்கு ராத்திரியில தனியா ஓட்டக்கூடாது, அனுபவம் உள்ள ஒருத்தர் பக்கத்துல இல்லாம கூட்டாளிகளை ஏத்திக்கக்கூடாது, அந்த கட்டத்தை தாண்டினாத்தான் முழு லைசென்ஸ். அப்புறம் மத்த நாடுகளும் எடுத்துக்கிட்டாங்க, இந்த முறை வந்த இடங்கள்ல சின்ன வயசு டிரைவர்களோட விபத்து குறைஞ்சிருக்கு. ஜெர்மனியில 2007-ல இருந்து புது டிரைவருக்கும் 21 வயசு ஆகாதவங்களுக்கும் குடிக்கறதுல ஒரு சொட்டுக்கு கூட அனுமதி இல்ல.

உங்க ஊர் சட்டம் எப்படி இருந்தாலும் உங்க வீட்டுக்குள்ள இதையே ஒரு ஏற்பாடா வச்சுக்கலாம், ஆனா திட்டிட்டு இருக்கற நேரத்துல வேண்டாம். நிதானமா ஒரு நாள் மூணு பேரும் உக்காந்து பேசுங்க. முதல் ஆறு மாசம் ஒரே ஒரு ஃப்ரெண்டை மட்டும் ஏத்திக்கலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல வண்டி எடுக்க வேண்டாம், அதுக்கு அப்புறம் ஒழுங்கா இருந்தா ஒவ்வொண்ணா தளர்த்தலாம்னு அவன் வாயாலயே ஒத்துக்க வைங்க. பசங்க முன்னாடி "எங்க வீட்ல விட மாட்டாங்கடா"ன்னு சொல்ல அவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கும், நம்பமாட்டீங்க, நிறைய பசங்களுக்கு அந்த சாக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லுங்க, இதுதான் ரொம்ப முக்கியம். குடிச்சிருந்தாலோ, ஓட்டறவன் குடிச்சிருக்கான்னு தெரிஞ்சாலோ, எந்த நேரமா இருந்தாலும் ஃபோன் பண்ணு, நாங்க வந்து கூட்டிட்டு வரோம், அந்த ராத்திரியில ஒரு கேள்வி கேக்கமாட்டோம்னு சொல்லுங்க. சொன்னா காப்பாத்தணும். வண்டியில ஏறின உடனே கத்த ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த தடவை அந்த ஃபோன் வராது. பேச வேண்டியதை மறுநாள் பேசிக்கலாம்மா.

அப்புறம் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், அவன் வண்டி ஓட்டிட்டு இருக்கான்னு தெரிஞ்சும் "எங்கடா இருக்க"ன்னு கூப்பிடாதீங்க. அம்மா ஃபோன்னா எடுத்தே ஆகணும்னு இருக்கற பசங்க நிறைய பேர்.

ஃபோனை கையில எடுக்கறதே இல்ல, ப்ளூடூத்லதான் பேசறேன். அது பரவாயில்லதானே? – புதுசா வேலைக்கு போற வாசகி

கையில வச்சிருக்கறதைவிட பரவாயில்ல, ஆனா பாதுகாப்புன்னு சொல்ல மாட்டேன். கை ஃப்ரீயா இருக்கு, மனசு ஃப்ரீயா இல்லையே. ஃபோன்ல ஆழமா பேசிட்டு இருக்கும்போது கண்ணு ரோட்டை பாத்துட்டே இருக்கும், ஆனா பாத்தது மனசுல பதியாது, சிகப்பு சிக்னலை நேரா பாத்துட்டே தாண்டிப் போனவங்க இருக்காங்க. பக்கத்து சீட்ல உக்காந்து பேசறவங்களாவது ரோட்டுல ஏதாவதுன்னா தானா பேச்சை நிறுத்திடுவாங்க, ஃபோன்ல இருக்கறவங்களுக்கு நீங்க லாரிக்கு பின்னாடி நிக்கறது தெரியாதே. புதுசா ஓட்டறவங்களுக்கு மூளையில மிச்சம் இருக்கற இடமே கம்மி, ஓட்டறதே இன்னும் தானா வரல, அதனால முதல் வருஷம் முழுக்க அதுவும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

மெசேஜ் பத்தி தனியா சொல்லணும். 60-ல போகும்போது அஞ்சு செகண்ட் ஸ்க்ரீனை பாத்தா 83 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின கணக்கு. சிக்னல்ல நிக்கும்போதுதானே பாக்கறேன்னு சிலர் சொல்றாங்க, பச்சை விழுந்து கிளம்பின பிறகும் கொஞ்ச நேரத்துக்கு மனசு அந்த மெசேஜ்லயேதான் இருக்கும், சிக்னல் மாறின உடனே குறுக்க நடக்கறவங்க அப்பதான் கடந்து முடிக்காம நடுவுல நிப்பாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோனை சைலண்ட்ல போட்டு கைக்கு எட்டாத இடத்துல, பின் சீட்ல பையோட போட்டுடுங்க. மேப் வேணும்னா நிக்கும்போதே செட் பண்ணிட்டு குரலை மட்டும் கேளுங்க. வழி தப்பினா தப்பட்டும், அடுத்த திருப்பத்துல திரும்பிக்கலாம்.

சீட்ல எப்படி உக்காரணும், மிரரை எப்படி வைக்கணும்னு யாருமே சரியா சொல்லித் தரலை. – முதல் கார் வாங்கின வாசகர்

கிளட்ச்சை முழுசா மிதிச்ச பிறகும் முட்டி லேசா மடங்கி இருக்கணும், அந்த தூரத்துல சீட்டை வைங்க. முதுகு சாய்ஞ்சபடியே கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல் விளிம்புல படணும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல 25 சென்டிமீட்டராவது இருக்கணும், ஏன்னா ஏர்பேக் கண் இமைக்கறதுக்குள்ள வெடிச்சு விரியும், ஒட்டி உக்காந்திருந்தா அதுவே காயம் பண்ணிடும். கை கடிகாரத்துல ஒன்பதும் மூணும் இருக்கற இடத்துல. ஹெட்ரெஸ்ட்டை தலைக்கு சாயறதுக்குன்னு நினைச்சு கீழயே விட்டுடறாங்க, பின்னாடி இருந்து இடிச்சா கழுத்து ஒடியாம காப்பாத்தறது அதுதான், மேல் விளிம்பு உங்க உச்சந்தலை மட்டத்துக்கு வரணும்.

சைடு மிரருக்கு ஒரு வழி சொல்றேன். தலையை உங்க பக்கத்து கண்ணாடி ஜன்னல் கிட்ட சாய்ச்சுட்டு, அங்க இருந்து பாத்தா உங்க கார் உடம்பு மிரர்ல ஓரமா லேசா தெரியற அளவுக்கு வைங்க. அடுத்த பக்க மிரருக்கு தலையை ரெண்டு சீட்டுக்கும் நடுவுல சாய்ச்சு அதே மாதிரி. நேரா உக்காந்ததும் உங்க கார் மிரர்ல தெரியாது, முதல்ல வித்தியாசமா இருக்கும், ஆனா பிளைண்ட் ஸ்பாட், அதாவது மிரர்ல தெரியாத இடம், நல்லா குறைஞ்சுடும். குறையும்தான், போகாது. லேன் மாறும்போது தோள் மேல ஒரு பார்வை பாத்தே ஆகணும், பைக்காரங்க அந்த இடத்துலதான் ஒளிஞ்சிருப்பாங்க.

பின் சீட்ல உக்காரறவங்களுக்கும் பெல்ட் அவசியமா?

அவசியம். மூணு இடத்துல பிடிக்கற இப்போதைய பெல்ட்டை வோல்வோ இன்ஜினியர் நில்ஸ் போலின் 1959-ல கொண்டு வந்தார், மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு காப்புரிமையை திறந்து விட்டாங்க, அந்த அளவுக்கு உயிரைக் காப்பாத்தற பொருள் அது. வண்டி முட்டி நின்னாலும் பின் சீட்ல பெல்ட் போடாதவர் உடம்பு அதே வேகத்துல முன்னாடி பாயும், முன் சீட்ல இருக்கறவரை நசுக்கிடும். எல்லாரும் பெல்ட் போட்டாத்தான் வண்டி நகரும்னு சொல்ல ஓட்டறவருக்கு முழு உரிமை இருக்கு, வயசுல பெரியவங்களா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க.

ஸ்கூட்டர்ல முன் பிரேக் பிடிச்சா கவுத்துடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அதனால பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கறேன். சரியா அக்கா சொல்லுங்கன்னு கேக்கலாம்னு பாத்தா இங்க அண்ணா இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க! – 18 வயசு வாசகி

சொல்றேன் தங்கச்சி. பிரேக் பிடிச்ச உடனே வண்டியோட எடை முழுக்க முன்னாடி சாயும், பின் டயர் இலேசாயிடும், ரோட்டை பிடிக்கற பலம் அப்ப முன் டயர்லதான் இருக்கும். பின் பிரேக் மட்டும் பிடிச்சா வண்டி நிக்க தூரம் ரொம்ப அதிகமாகும், இறுக்கிப் பிடிச்சா பின் சக்கரம் வழுக்கி பக்கவாட்டுல போகும். ரெண்டையும் சேத்து பிடிக்கணும், ஆனா படக்குன்னு இல்ல, முதல்ல மெதுவா அழுத்தி, எடை முன்னாடி வந்ததை உணர்ந்து, அப்புறம் அழுத்தத்தை கூட்டணும். ஃப்ரெண்ட்ஸ் சொன்னதுல உண்மை இருக்கற இடம், மணல், ஜல்லி, ஈரமான பெயின்ட் கோடு, ஹேண்டில்பார் திரும்பி இருக்கற நேரம். அங்கெல்லாம் முன் பிரேக்கை படக்குன்னு பிடிச்சா விழுவீங்க, அதனால வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நேரா இருக்கும்போதே வேகத்தை குறைச்சுடணும். வண்டி இல்லாத காலி இடத்துல 20, 30 வேகத்துல இதை திரும்பத் திரும்ப பழகுங்க.

ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மாட்டினீங்களா? மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னாடி கழண்டு ஓடிடும். தாடைக்கு கீழ ரெண்டு விரல் நுழையற அளவு இறுக்கம் போதும். ஒரு தடவை பலமா அடி வாங்கின ஹெல்மெட்டை மாத்திடுங்க, வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள இருக்கற தெர்மோகோல் நசுங்கி இருக்கும்.

மழையிலயும் ராத்திரியிலயும் ஓட்ட பயமா இருக்கு. என்னென்ன கவனிக்கணும்? – புது டிரைவர்

பயம் இருக்கறது நல்லதுதான். ரொம்ப நாள் கழிச்சு பெய்யற மழையோட முதல் கொஞ்ச நேரம் ரொம்ப வழுக்கும், ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியோட கலந்து மேல வரும். வேகமா தண்ணி தேங்கின இடத்துல போனா டயர் ரோட்டை விட்டு தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும், ஸ்டீயரிங் திடீர்னு இலேசாகி கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அதுதான் அடையாளம். அப்ப பிரேக் அடிக்காதீங்க, ஸ்டீயரிங்கை ஒடிக்காதீங்க, நேரா பிடிச்சுட்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்க, டயர் மறுபடி ரோட்டை பிடிச்சுடும். டயர்ல பட்டன் தேஞ்சிருந்தா இது சீக்கிரமே நடக்கும், பல நாடுகள்ல பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போன டயர் சட்டப்படியே கூடாது, மழைக்காலத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்தறது நல்லது.

ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற வசதி, இருக்கற கார்ல அவசரத்துக்கு பிரேக் மிதிச்சா பெடல் கால்ல கடகடன்னு அதிரும். புது டிரைவருங்க என்னமோ உடைஞ்சுடுச்சுன்னு பயந்து காலை எடுத்துடறாங்க. எடுக்கவே கூடாது, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், இன்னும் அழுத்தி மிதிச்சுட்டே ஸ்டீயரிங்கை திருப்பி விலகணும். ஒரு தடவை காலியான இடத்துல வேணும்னே பிரேக் அடிச்சு அந்த அதிர்வை கால்ல உணர்ந்து பாருங்க, அப்பதான் நிஜமா தேவைப்படும்போது மிரளமாட்டீங்க.

ராத்திரியில லோ பீம்ல தெளிவா தெரியறது சுமார் 50 மீட்டர்தான். 80-ல போனா நிக்கவே 68 மீட்டர் வேணும்னு மேல பாத்தோமே, அப்ப வெளிச்சத்துல ஒரு ஆளை பாக்கற நேரத்துல ஏற்கனவே நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துட்டீங்க. எதிர்ல ஹை பீம் போட்டுட்டு வந்தா அந்த லைட்டை பாக்காதீங்க, உங்க பக்க ரோட்டோர கோட்டை பாத்துட்டே வேகத்தை குறைங்க, பதிலுக்கு நீங்களும் ஹை பீம் அடிக்க வேண்டாம், கண்ணு தெரியாத ரெண்டு டிரைவர் எதிர் எதிர்ல வர்றதுல யாருக்கு லாபம்?

தூக்கத்தை பத்தியும் சொல்லிடறேன். 17 மணி நேரம் முழிச்சிருந்தா, பல நாடுகள்ல சட்டம் வச்சிருக்கற எல்லையான, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற அளவுக்கு குடிச்சவர் மாதிரியே கவனம் குறையுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஜன்னலை திறக்கறது, பாட்டை சத்தமா வைக்கறது எல்லாம் கொஞ்ச நேரம்தான். பாதுகாப்பான இடத்துல நிறுத்தி ஒரு காபி குடிச்சுட்டு இருபது நிமிஷம் தூங்குங்க, காபி வேலை செய்ய அரை மணி நேரம் கிட்ட ஆகும், எழுந்திரிக்கறப்ப ரெண்டும் சேந்து உதவும். கடைசி அஞ்சு கிலோமீட்டர் ஞாபகமே இல்லன்னு தோணிச்சுன்னா உடனே நிறுத்துங்க.

ஹைவேயில ஓரத்து சக்கரம் மண்ணுல இறங்கிடுச்சு, பதறிப் போய் ஸ்டீயரிங்கை ஒடிச்சேன், கார் அடுத்த லேன் வரைக்கும் போய்டுச்சு. நல்ல வேளை எதிர்ல யாரும் வரல. என்ன பண்ணி இருக்கணும்? – 20 வயசு வாசகர்

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு தம்பி. சின்ன வயசு டிரைவருங்க தனியா கவுந்துடற விபத்துகள்ல இது முக்கியமான காரணம். மண்ணுல இருக்கற சக்கரத்துக்கு பிடிப்பு கம்மி, ரோட்டு விளிம்பு உயரமா இருந்தா டயர் பக்கம் அதுல உரசிட்டு ஏறாது, நீங்க இன்னும் இன்னும் ஸ்டீயரிங்கை திருப்புவீங்க, திடீர்னு ஏறினதும் அவ்ளோ திருப்பமும் மொத்தமா வேலை செஞ்சு கார் எதிர்பக்கம் பாயும். இறங்கினா இறங்கட்டும். ஸ்டீயரிங்கை உறுதியா நேரா பிடிங்க, ஆக்ஸிலரேட்டரை விடுங்க, பிரேக்கை அழுத்தாதீங்க, வேகம் நல்லா குறைஞ்சதும் மிரரை பாத்துட்டு மெதுவா ஏறுங்க. டயர் வெடிச்சாலும் கிட்டத்தட்ட இதேதான். அந்த நேரத்துல போகவேண்டிய வழியையே பாருங்க, மரத்தை பாத்தா கை தானா மரத்து பக்கமே திருப்பும்.

சிக்னல்ல வண்டி ஆஃப் ஆச்சுன்னா பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, கை நடுங்குது, அவசரத்துல மறுபடி ஆஃப் ஆகுது. ரெண்டு வாரமா வண்டியையே தொடல. நான் ஓட்ட லாயக்கில்லையோன்னு தோணுது. – 24 வயசு வாசகி

அப்படி எல்லாம் இல்லம்மா, இந்த ஒரு விஷயம் எல்லா புது டிரைவருக்கும் நடக்குது, எழுதறதுக்குதான் கூச்சப்படறாங்க. ஹாரன் சத்தத்துக்கு பயந்து சரியா பாக்காம வண்டியை எடுக்கறதுதான் ஆபத்து, ஆஃப் ஆகி நிக்கறதுல ஆபத்து கம்மி. பின்னாடி "புதுசா பழகறேன்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, வெக்கப்படவே வேண்டாம், நிறைய பேர் அதை பாத்து தள்ளி வருவாங்க.

விடியக்காலையில ரோடு காலியா இருக்கறப்ப யாரையாவது கூட்டிட்டு போய், ஆக்ஸிலரேட்டரே தொடாம கிளட்ச்சை மட்டும் மெதுவா விட்டு வண்டி நகர ஆரம்பிக்கற அந்த இடத்தை பாதத்துல கண்டுபிடிங்க. அந்த இடம் வந்ததும் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மியாகும், பானெட் லேசா எழும்பும், அங்கயே கால் ஒரு நொடி நிக்கணும். காதுக்கும் காலுக்கும் இது பழகிட்டா ஆஃப் ஆகறது முக்கால்வாசி போய்டும். அப்படியும் ரோட்டுல ஆஃப் ஆச்சுன்னா வரிசை இதுதான், பிரேக்கை மிதிச்சுக்கோங்க, ஹசார்ட் லைட் (எல்லா இண்டிகேட்டரும் சேந்து மின்னறது) போடுங்க, நியூட்ரல், ஸ்டார்ட், ஹசார்ட்டை அணைச்சுட்டு முதல் கியர், ரெண்டு பக்கமும் ஒரு பார்வை பாத்துட்டு கிளம்புங்க. சிக்னல் மறுபடி சிகப்பாயிடுச்சுன்னா அடுத்த பச்சைக்கு போய்க்கலாம், பின்னாடி இருக்கறவரும் உங்க கூடவே நிக்கட்டும்.